நாடக மேடையில் கே. பி. சுந்தராம்பாள்

ஔவையார் என்றவுடன் நம் மாணவர் மனக்கண்முன் தோன்றும் உருவம் ஒன்று உண்டு. நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, வெண்ணிற ஆடை, கையில் ஊன்றுகோல். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய மூதாட்டி எத்தோற்றத்தினர் என்பதைக் கண்டு சொன்னவர் எவருமிலர். ஆயினும் அவ்வுருவத்தில் எவர்க்கும் ஐயமில்லை. 1953ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட 'ஔவையார்' திரைப்படம் தமிழர் வாழும் நாடுகளிலெல்லாம் பதித்துச் சென்ற உருவம் அது. அதில் ஔவையாக நடித்துப் பாடியவர் கொடுமுடி கோகிலம் என்று பெயர்பெற்ற கே. பி. சுந்தராம்பாள். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 44.

இந்த ஔவை உருவம் அம்மையாரின் புகழை நிலைநிறுத்தியது உண்மை. ஆனால் அதே உருவம் அவரது வாழ்வின் முற்பகுதியை ஏறத்தாழ முழுவதுமாக மறைத்தும் விட்டது. ஊன்றுகோல் பிடித்த மூதாட்டிக்குப் பின்னால், தினைப்புனத்துப் பரண்மீது நின்றுகொண்டு, மாறுவேடத்தில் வந்த முருகனையே வாய்ச்சொல்லால் மடக்கி, கொட்டகை முழுவதையும் சிரிக்க வைத்த இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள். ஊர் ஊராகச் சென்று, கடல் கடந்தும் சென்று, இரவெல்லாம் ஆடிப்பாடிய இசைநாடக நடிகை அவள். திரைப்படம் அவளைப் படம்பிடிக்கவே இல்லை. பெரும்பாலோர் அறியாத அந்த மேடை வாழ்க்கையே ஈண்டு ஆராயத்தக்கது.

காவிரிக் கரையில், ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையில் அமைந்த சிவத்தலம் கொடுமுடி. அங்கே 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். குடும்பம் மிக வறியது. தாயும் மக்களும் பசித்திருந்த நாள்கள் பல. குழந்தைக்கு இயற்கை வழங்கிய செல்வம் குரல் ஒன்றே. அக்குரலைக் கொண்டு ரயில் வண்டிகளில் பாடிப் பயணிகளிடம் காசு பெற்றார் அச்சிறுமி. ரயிலில் பாடுவது எளிய செயலன்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சக்கரங்களின் ஓசை, இயந்திரத்தின் இரைச்சல், பயணிகளின் பேச்சு ஆகிய அனைத்தையும் மீறிக்கொண்டு குரல் மேலெழவேண்டும். இல்லையேல் காசு விழாது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய குரலுக்கு முதற் பயிற்சிக்கூடமாக அமைந்தது தென்னிந்திய ரயில் பெட்டியே எனின் மிகையாகாது.

அவ்வாறு பாடிய குரல் கலையார்வம் மிக்க அதிகாரி ஒருவரின் செவியில் விழ, அவர் வழியாக அச்சிறுமி வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்க்கப்பெற்றார். முதலில் கிடைத்தவை குழந்தை வேடங்கள். நாடக உலகில் இதனைப் 'பால பார்ட்' என்பர். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக அவர் பாடிய பாட்டு அவையோரைக் கலங்க வைத்தது. பஞ்சத்தில் வாடி, அண்ணன் வீட்டை நாடி, அங்கும் சோறு கிடைக்காமல் ஏழு பிள்ளைகளோடும் கிணற்றில் விழும் தாயின் கதை அது. பசி என்பது இன்னதென்று வேறொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலையில் அந்தப் பிள்ளை இல்லை. 1917இல் கொழும்பு மேடையிலும் பாடினார். அப்போது அவருக்குப் பத்து வயதும் நிரம்பவில்லை.

அவர் புகுந்த நாடக உலகம் எத்தகையது என்பதை மாணவர் தெரிந்துகொள்ளுதல் நன்று. அவ்வுலகிற்கு இலக்கணம் வகுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தெருக்கூத்தாகவும் விலாசமாகவும் கிடந்த கதைகளை எடுத்து, பாட்டும் உரையாடலும் ஒழுங்குற அமைந்த நாடகங்களாக ஆக்கித் தந்தவர் அவர். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என அவர் எழுதியவை நாற்பதிற்கும் மேற்பட்டவை. இந்நாடகங்களின் பாடம் நடிகர் அனைவர்க்கும் பொதுச்சொத்தாயிற்று. மதுரையில் கற்ற வள்ளி திருமணமும் திருச்சியில் கற்ற வள்ளி திருமணமும் ஒன்றே. இதன் விளைவாகத் தோன்றியதே 'ஸ்பெஷல் நாடகம்'.

ஸ்பெஷல் நாடகத்திற்கு நிலையான குழு இல்லை. ஒத்திகையும் இல்லை. கண்ட்ராக்டர் ஒருவர் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், பபூனை மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்துவார். அவர்கள் மாலை ரயிலில் வந்து இறங்கி, வேடம் புனையும் இடத்திலேதான் ஒருவரையொருவர் காண்பர். இரவு பத்து மணியளவில் பபூன் வந்து சிரிக்கவைத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். விடியும்போது ஆட்டம் முடியும். கதையும் பாட்டும் அனைவரும் அறிந்தவையே. ஆனால் எந்த இராகத்தில் எவ்வளவு நேரம் பாடுவது, எதிரில் நிற்பவரை என்ன கேட்பது, அவர் கேட்டால் என்ன விடை சொல்வது என்பவையெல்லாம் அந்தந்த நேரத்து மதிநுட்பத்தையே பொறுத்தவை. ஆகவே அது நாடகமாகவும் இருந்தது, போட்டியாகவும் இருந்தது. ஒருவர் எடுத்த இராகத்தை மற்றவர் தொடர முடியாமற் போனால் அவையோர் அதனை மறைக்கவிடமாட்டார்கள். பிடித்துவிட்டாலோ 'ஒன்ஸ்மோர்' என்னும் கூச்சல் எழும். பாடியதையே மீண்டும் பாடவேண்டும்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அமர்ந்திருப்பர். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டு போனால் ஐந்தாவதாக வருவதையே ஆதார சுருதியாகக் கொண்டு பாடுவதை 'ஐந்து கட்டை' என்பர். ஆண்குரலுக்கு இது மிக உயர்ந்த சுருதி. கச்சேரி மேடையில் ஆடவர் பாடும் சுருதியைவிட நாடக மேடையின் சுருதி மிக உயர்ந்தது. இதற்குக் காரணம் பகட்டன்று, தேவையே. திறந்த வெளியிலும் கீற்றுக் கொட்டகையிலும் தொலைவில் தரையில் அமர்ந்திருக்கும் நாலணா டிக்கெட்டுக்காரருக்குச் சொல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் குரல் உச்சத்தில் நிற்கவேண்டும். உச்சத்தில் நின்றும் சொல் சிதையக் கூடாது. அம்மையாரின் பாடல்களைக் கேட்போர் முதலில் உணர்வது இதனைத்தான்: எழுத்துக்கள் ஒன்றோடொன்று குழைந்துபோகாமல், ல, ள, ழ வேறுபாடு துல்லியமாக ஒலிக்கும். தமிழாசிரியர்கள் வகுப்பில் பல்லாண்டு முயன்றும் அரிதாகக் கைகூடும் உச்சரிப்பு அது.

இந்த நாடக மரபுக்கும் மலாய் மண்ணுக்கும் ஒரு சுற்றுவழி உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் தமிழகத்திலும் ஆடின, பினாங்கிலும் ஆடின. வண்ணம் தீட்டிய திரைச்சீலைகளையும் காட்சி மாற்றங்களையும் இருவேறு மக்கள் அவர்களிடம் கண்டு தத்தமக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர். தமிழகத்தில் அது இசைநாடக மேடைக்கு உரமாயிற்று. பினாங்கில் அதனை 'வாயாங் பார்சி' என்று அழைத்த மலாய் மக்கள், 1880களில் தமக்கென பங்சவான் என்னும் நாடகத்தை உருவாக்கினர். தமிழ் ராஜபார்ட்டும் பங்சவான் கதாநாயகனும் ஒரே பாட்டனின் பேரர்கள் என்று சொல்லலாம்.

மேடையில் பெண்ணின் நிலை பற்றியும் ஒரு சொல். சுவாமிகளும் அவர்வழி வந்தோரும் நடத்திய பாலர் குழுக்களில் சிறுவரே பெண்வேடம் பூண்டனர். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் கற்றறிந்த ஆடவர் பெண்வேடம் ஏற்றனர். பெண்கள் நடித்த குழுக்களும் இருந்தன. ஆனால் நடிக்க வந்த பெண்ணை ஊர் ஒருநாளும் நன்மதிப்போடு பார்த்ததில்லை. இரவில் கைதட்டியவர்களே பகலில் புறம்பேசினர். இத்தகைய சூழலில் ஓர் ஏழைப்பெண், வேடத்தால் மட்டுமன்றி ஊதியத்தாலும் ராஜபார்ட்டுக்கு நிகராக நிற்பது என்பது குரல்வளத்தால் மட்டும் முடியக்கூடியதன்று. நெஞ்சுரமும் வேண்டும். அம்மையார் ஸ்திரீபார்ட்டாக மட்டும் நிற்கவில்லை. ஆண்வேடம் தாங்கி ராஜபார்ட்டாகவும் ஆடினார்.

அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த நாடகம் 'வள்ளி திருமணம்'. அக்காலத்து இசைநாடகங்களில் நகைச்சுவை மிகுந்தது இதுவே. கதை கந்தபுராணத்தில் உள்ளது. நம்பிராசன் மகள் வள்ளி தினைப்புனம் காக்கிறாள். முருகன் வேடனாக வருகிறான். தான் துரத்திவந்த மான் இப்பக்கம் வந்ததா என்று கேட்கிறான். மான் எதுவும் வரவில்லை, வந்தவன் தேடுவது வேறு மான் என்பது வள்ளிக்கும் தெரியும், அவையோர்க்கும் தெரியும். இங்கே தொடங்குகிறது தர்க்கம். அவன் ஒரு கேள்வி பாட, இவள் அதற்கு விடையோடு ஒரு குத்தலையும் சேர்த்துப் பாட, அவன் அக்குத்தலையே பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் போடுகிறான். விடுகதை, பழமொழி, புராண நுணுக்கம், அன்றாட ஊர்ச்செய்தி என எதனையும் தர்க்கத்திற்குள் கொண்டுவரலாம். அவன் கடவுள், ஆயினும் இந்த இடத்தில் அவன் தோற்றுப்போக வேண்டும். தோற்று, கிழவனாக வேடம் மாறி வந்து, தேனும் தினைமாவும் கேட்டு உண்டு, விக்கல் எடுத்து, தண்ணீர் காட்டச் சொல்லி, கடைசியில் திருமணமும் செய்துகொள்ளச் சொல்வான். அண்ணன் விநாயகன் யானையாக வந்து அச்சுறுத்திய பின்னரே அவன் எண்ணம் ஈடேறும்.

இத்தர்க்கத்தில் வள்ளியாக நிற்பவருக்கு வேண்டிய தகுதிகள் பல. எதிரியின் பாட்டு முடியும் சுருதியிலேயே தன் பாட்டைத் தொடங்க வேண்டும். சொல்லும் விடை எதுகை மோனையோடு அமையவேண்டும். கோபம் காட்டும்போதே உள்ளத்தில் வேறொன்று இருப்பதை முகம் காட்டவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, சிரிப்பு எழும்போது அது அடங்கும்வரை காத்திருக்கவும், அடங்குவதற்குச் சற்று முன்னரே அடுத்த சொல்லை வீசவும் தெரிந்திருக்க வேண்டும். காலம் அறிந்து சொல்லும் இவ்வாற்றல் எந்தப் பாடநூலிலும் இல்லை. நூற்றுக்கணக்கான இரவுகளில், நூற்றுக்கணக்கான ஊர்களில், முன்பின் அறியாத நடிகர்களோடு நின்று பெறுவது அது. சுற்றுப்பயணமே அந்நாளைய நடிகையின் கல்லூரி.

இதே நாடகம் நாட்டு விடுதலைக்கும் பயன்பட்டது. வள்ளி பறவைகளை விரட்டும் ஆலோலக் காட்சியில், வெள்ளைக் கொக்கை விரட்டுவதாகப் பாடினால் எந்த வெள்ளையைக் குறிக்கிறது என்பதை அறியாதார் இலர். இவ்வாறு பாடிச் சிறை சென்றவர் தியாகி விசுவநாததாஸ்; 1940ஆம் ஆண்டின் கடைசி இரவில், முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர் நீத்தவரும் அவரே.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஆவிக்கப்பலும் ஓடத் தொடங்கிய பின்னர், சென்னை எழும்பூரில் ஏறுபவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்புவரை செல்லலாயிற்று. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுசென்ற அதே வழி நாடகக்காரரையும் கொண்டுசென்றது. கொழும்பிலே தமிழ் வணிகரும் துறைமுகத் தொழிலாளரும் நிறைந்திருந்தமையால் நாடகத்திற்கு எப்போதும் கூட்டம் உண்டு; கூலியும் தமிழகத்தைவிட நன்று. 1920களில் சுந்தராம்பாள் அங்கே பெரும்புகழோடு ஆடிக்கொண்டிருந்தார். அக்கொழும்பு மேடைக்கு 1926இல் வந்து சேர்ந்தார் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா.

கிட்டப்பா 1906இல் பிறந்தவர். சிறுவயது முதலே மேடையில் நின்றவர். அவர் குரலின் உயரத்தையும் விரைவையும் பற்றிக் கச்சேரி வித்துவான்களே வியந்து பேசினர். அவரோடு நடிக்கத் துணிந்தால் மூச்சுவிட இடம் கிடைக்காது என்று அம்மையாரிடமும், அந்தப் பெண்ணோடு நின்றால் பெயர் போய்விடும் என்று கிட்டப்பாவிடமும் வேண்டியவர்கள் சொன்னதாக நாடக உலகில் சொல்வதுண்டு. இருவரும் அஞ்சவில்லை. வேலனாக அவரும் வள்ளியாக இவரும் எதிரெதிர் நின்றபோது கொட்டகை கொள்ளவில்லை. யார் வென்றார் என்று கேட்பது பொருந்தாது. ஒருவர் தோற்றிருந்தால் அடுத்த இரவு கூட்டம் வந்திராது. இருவருமே மற்றவரைத் தோற்க விடாமல், ஆனால் வெல்லவும் விடாமல் பாடினர் என்பதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

1927இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். ஸ்ரீ கான சபா என்னும் பெயரில் சேர்ந்து நாடகம் நடத்திய சில ஆண்டுகளே அவர்களது பொற்காலம். பிறந்த குழந்தை தங்கவில்லை. பிணக்கு நேர்ந்தது; பிரிவு வந்தது. பிரிந்திருந்த காலத்தில் அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வெளிவந்துள்ளன. அவற்றைப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். மேடையில் முருகனை மடக்கிய அந்த நாவன்மை கடிதத்திலும் உண்டு. ஆனால் இங்கே எதிர்ப்பாட்டு வரவில்லை. இதற்குமேல் அந்தத் துன்பத்தைக் கிளறுவது தேவையற்றது. அளவுகடந்த உழைப்பும் குடியும் கிட்டப்பாவின் உடலை அரித்தன. 1933 டிசம்பர் 2ஆம் நாள் அவர் காலமானார். வயது 28ஐக்கூட எட்டவில்லை என்று சிலரும் எட்டியது என்று சிலரும் கணக்கிடுவர். எவ்வாறாயினும் அது சாகும் வயதன்று.

அம்மையாருக்கு அப்போது வயது 25. அன்று முதல் வெள்ளாடை உடுத்தினார். மேடைக்குச் சில காலம் வரவேயில்லை. காங்கிரசுத் தலைவர்களும் நாடக அன்பர்களும் வற்புறுத்தியதன்பேரில் திரும்பி வந்தபோது ஓர் உறுதியோடு வந்தார்: எந்த ஆடவனோடும் இணையாக நடிப்பதில்லை. இவ்வுறுதியைக் கற்பின் சிறப்பாகப் போற்றி எழுதியோர் பலர். போற்றுதற்குரியதே, மறுப்பில்லை. ஆனால் அதற்கு நாடகக்கலை கொடுத்த விலை என்ன என்பதை எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. வள்ளிக்கு வேலன் வேண்டும். வேலன் இல்லாத மேடையில் தர்க்கம் இல்லை. தர்க்கம் இல்லாவிடில் சிரிப்பு இல்லை. தமிழ்மேடையின் தலைசிறந்த நகைச்சுவை வாயாடி 25 வயதில் வாய்மூடினாள்; பின்னர் வாழ்ந்த அரை நூற்றாண்டும் பக்தையாகவும் துறவியாகவும் மட்டுமே பாடினாள்.

அவர் ஏற்ற திரை வேடங்களை வரிசையாக நோக்கினால் இது தெளிவாகும். முதற்படம் 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்'. அதில் அவர் நந்தனார், அதாவது ஆண். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நடிக்க விருப்பமின்றி, எவரும் தரமாட்டார் என்று எண்ணி ஓர் இலட்சம் ரூபாய் கேட்டாராம்; தயாரிப்பாளர் தந்துவிட்டாராம். ஒரு நடிகருக்கு அத்துணைத் தொகை என்பது அந்நாளில் கேள்விப்படாதது. 1940இல் 'மணிமேகலை'. இளமையிலேயே துறவு பூண்டவள் கதை. 1953இல் ஔவை. 1964இல் கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலில் வந்த 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை. 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. அதில் இளமைக்காலப் புனிதவதியாக வேறொரு நடிகை தோன்ற, தன் அழகுருவைத் துறந்து பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையாராக இவர் தோன்றினார். மணமகளோ காதலியோ இவற்றில் இல்லை. 1945இல் ஏ. வி. எம். நிறுவனத்தார் 'ஸ்ரீவள்ளி'யைப் படமாக்கியபோது வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. வேலனாக வந்தவர் கிட்டப்பாவின் பாணியில் பாடிப் புகழ்பெற்ற டி. ஆர். மகாலிங்கம்.

இன்னொரு வேடிக்கையும் இங்கே குறிப்பிடத்தக்கது. பெண்ணாகிய சுந்தராம்பாள் மேடையிலும் திரையிலும் நந்தனாராக நின்ற அதே காலப்பகுதியில், ஆணாகிய டி. கே. சண்முகம் நாடக மேடையில் ஔவையாராக நடித்து 'ஔவை சண்முகம்' என்றே பெயர்பெற்றார். தமிழ்நாடகத்தில் வேடம் என்பது ஆண் பெண் வேறுபாட்டைப் பொருட்படுத்தாத காலம் ஒன்று இருந்தது. பின்னாளில் திரைப்படம் அவ்வுரிமையைப் பெரும்பாலும் பறித்துக்கொண்டது.

அரசியல் தொண்டைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசு மேடைகளில் பாடினார். பேச்சாளருக்குக் கூடாத கூட்டம் இவர் பாட்டுக்குக் கூடியது. விடுதலைப் பாடல்கள் பல இவர் குரலில் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. 1951இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினரானார். திரைப்படக் கலைஞர் ஒருவர் இந்தியாவில் சட்டமன்றம் புகுந்தது அதுவே முதன்முறை என்பர். ரயிலில் காசுக்குப் பாடிய சிறுமி அங்கே அமர்ந்தார் என்பதை நினைக்குந்தோறும் உள்ளம் நெகிழும். காங்கிரசில் ஊறியவரும் முருக பக்தருமான அவர், திராவிட இயக்கத்தவர் எழுதிய 'பூம்புகார்' படத்தில் நடித்ததும் அக்காலத்தில் பேசப்பட்டது.

சரி, அந்த வள்ளி எங்கேனும் எஞ்சியிருக்கிறாளா? இசைத்தட்டுகள் உள்ளன. கிட்டப்பா பாடியவை உண்டு. அம்மையார் பாடியவையும் உண்டு. ஆனால் நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நிமிடம் அல்லது அதற்குச் சற்று மிகுதி. விடிய விடிய நடந்த தர்க்கத்தில் ஒரு கேள்வி முடிவதற்குள் தட்டு முடிந்துவிடும். மேலும் ஒலிப்பதிவு அறையில் சிரிப்பதற்கு அவை இல்லை. எதிரில் கொட்டகை இல்லாதபோது பாட்டு பதிவாகும், விளையாட்டு பதிவாகாது. தமிழ்ப் பேசும்படம் தோன்றியது 1931இல்; கிட்டப்பா மறைந்தது 1933இல். அவ்விரண்டு ஆண்டுக்குள் எவரேனும் ஒருவர் ஒளிப்படக் கருவியோடு கான சபாவின் கொட்டகைக்குள் ஒரே ஓர் இரவு நுழைந்திருக்கலாகாதா என்னும் ஏக்கம் எழாமல் இராது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்காமலே போனார்.

மலேசியத் தோட்டப்புறங்களிலும் கோயில் திருவிழாக் காலத்தில் தொழிலாளர் தாமே வேடமிட்டு நல்லதங்காள், பவளக்கொடி, வள்ளி திருமணம் போன்ற நாடகங்களை ஆடிய காலம் ஒன்று இருந்தது. கித்தாப்பால் வெட்டிய கைகளே இரவில் வேலும் கவணும் பிடித்தன. அவர்கள் பாடிய மெட்டுகளில் பல, இத்தகைய இசைத்தட்டுகள் வழியாகவும் ஊரிலிருந்து வந்தோர் வாய்வழியாகவும் வந்தவையே.

அம்மையாரின் பிற்கால வாழ்வு அமைதியானது. கொடுமுடியில் தம் பெயராலேயே ஒரு திரையரங்கு கட்டினார். 1969இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 60ஐத் தாண்டியிருந்தது. ஒலிவாங்கியின் உதவியே அறியாமல் வளர்ந்த குரல், ஒலிவாங்கிக்கென்றே பழகிய குரல்களோடு போட்டியிட்டு வென்றது. 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. 1980இல் அவர் மறைந்தார்.

ஸ்பெஷல் நாடகம் மறையவில்லை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் திருவிழா இரவுகளில் வள்ளி திருமணம் இன்றும் நடைபெறுகிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் அதே பாடந்தான். ஆர்மோனியமும் மிருதங்கமும் அதே ஓரத்தில் இருக்கின்றன. நடுவில் ஒலிவாங்கி ஒன்று நிற்கிறது. நள்ளிரவுக்குப் பின் வேலன் வந்து மானைக் கேட்கிறான். ஒத்திகை பார்க்காத நடிகை ஒருத்தி பரண்மீது நின்றபடி, அவன் பாட்டு எந்தச் சுருதியில் முடிகிறது என்று காது கொடுத்துக் காத்திருக்கிறாள்.